மூன்று ஆஸ்பத்திரிகளை வரன் பார்த்த கதை

தோல் நோய் பார்க்கத் தெரியாத ஒருத்தி, மலேசியாவின் ஜொகூரில் இறங்கிய இரண்டே நாளில் நாற்பது பேருடைய தோலைப் பார்த்தாள். அந்த ஒருத்தி நான்தான். பார்த்தேன் என்பதைவிடக் காட்டினார்கள் என்பதே நியாயம்.

போன காரியம் வேறு. கெலாங் பாத்தாவில் இருக்கும் என் தாய்மாமா மகள் பிரிசில்லாவுக்குக் கல்யாணம். மாமா முப்பது வருடங்களுக்கு முன் பாளையங்கோட்டையிலிருந்து வேலைக்குப் போனவர். குளுவாங் தோட்டத்துக் குடும்பம் ஒன்றில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டார். அம்மா பள்ளி ஆசிரியை. பரீட்சை நேரத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. "நம்ம பக்கத்துல ஒரு ஆளு வரலன்னு நாளைக்கு ஒரு சொல்லு வரக் கூடாது" என்று பன்னிரண்டு கிலோ பலகாரத்தைக் கட்டி என்னை அனுப்பி வைத்தாள்.

நான் எங்கேயும் போயிருக்கக் கூடாத வாரம் அது. டெர்மடோபெத்தாலஜி என்று ஒரு படிப்பு இருக்கிறது. உடம்பிலிருந்து துளித் தோலை வெட்டி, சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, நுண்ணோக்கியில் பார்த்து, இது வெறும் மச்சமா புற்றுநோயா என்று சொல்லும் வேலை. அமெரிக்காவில் அதற்கான ஃபெல்லோஷிப் இடங்கள் கொஞ்சம், ஆசைப்படுகிறவர்கள் நிறைய; அவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு முன் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் நோயியல் ரெசிடென்சி என்ற நிபுணர் பயிற்சியை முடிக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரி எது என்பதில்தான் ஐந்தாம் வருடமான ஃபெல்லோஷிப்பின் தலையெழுத்து பாதி அடங்கியிருக்கிறது; உள்ளே படித்தவர்களுக்குத்தான் முதல் சலுகை.

மூன்று ஆஸ்பத்திரிகள் என்னை வீடியோவில் நேர்காணல் செய்திருந்தன. ஒன்று, உலகத்துக்கே பெயர் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரி. அங்கே தோல் ஃபெல்லோஷிப்பே கிடையாது. இரண்டாவது கடற்கரை ஊரில். வருடத்துக்கு ஓர் இடம் உண்டு. மூன்றாவது பனி கொட்டும் ஒரு சின்ன ஊரில். அங்கேயும் ஓர் இடம். நான் இவற்றை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். அவர்களும் எங்களை வரிசைப்படுத்துவார்கள். பிறகு கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிச்சுப் போட்டுவிடும். போட்ட முடிச்சை யாரும் அவிழ்க்க முடியாது. வரிசையைப் பூட்டக் கடைசி நேரம் அங்கே இரவு ஒன்பது. ஜொகூரில் மறுநாள் காலை பத்து, அதாவது நான் போய் இறங்கிய நான்காம் நாள்.

பெரிய ஆஸ்பத்திரி என்னை நேர்காணல் செய்த செய்தியை அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். ஞாயிறு ஆராதனையில் அதன் பெயர் சொல்லி ஜெபமே நடந்துவிட்டது. "அதத்தான் மொதல்ல போட்டு அனுப்பிட்டேன்மா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். போட்டது உண்மை. அனுப்பியது பொய்.

முதல் நாள் சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து ஜொகூர் சுங்கச் சாவடிக்கு வந்தபோது, ஸ்கேன் இயந்திரத்தில் என் பெட்டி நின்றுவிட்டது. உள்ளே கறுப்பு உருண்டைகளாக ஏதோ தெரிந்ததாம். கருப்பட்டி. பனைமரம், சாறு, காய்ச்சுவது என்று நான் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அந்த மலாய் அதிகாரி அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தார். "குலா மலாக்கா!" என்றார் முகம் மலர்ந்து. அவர்கள் ஊரில் தென்னை வெல்லத்துக்கு அதுதான் பெயர். பக்கத்து வரிசைக்காரரும் வந்து முகர்ந்தார். இருவரும் பேசிக்கொண்டதை எனக்குப் பின்னால் நின்ற தமிழ்க்காரர் மொழிபெயர்த்தார்: "நம்ம ஊர்லயே இது கிடைக்குது, இந்தப் பொண்ணு எதுக்கு விமானத்துல தூக்கிட்டு வருதுன்னு கேக்கறாங்க." எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது.

இரண்டாம் நாள் காலை அத்தை, நம் ஊர்ப் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் மீன் குழம்பும் வைத்து, "பசியாறு மா" என்றாள். காலைச் சாப்பாட்டுக்கு அங்கே இதுதான் சொல். நம் ஊரில் டிபன் சாப்பிட்டாயா என்று கேட்கிறோம்; பசி ஆறுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாவது ரொட்டியில் கை வைத்தபோது, மாமா பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு வந்தார்.

"என் அக்கா மவ. இந்தியாவுல தோல் டாக்டர்."

வந்தவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். "டாக்டர், இந்த முட்டிய கொஞ்சம் பாருங்க லா. ரெண்டு மாசமா அரிப்பு." அங்கே பேச்சின் வாலில் ஒரு "லா" ஒட்டிக்கொண்டே வரும்.

"நான் நேரா பார்க்கிற டாக்டர் இல்லீங்க. வெட்டி அனுப்பினாத்தான் பார்ப்பேன்."

"வெட்டவா?" அவர் முழங்காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் குடியிருப்பு முழுக்கப் பேச்சு: மாமா வீட்டு டாக்டர் எதைக் காட்டினாலும் வெட்டச் சொல்கிறார். இப்படி ஒரு பெயர் வந்தால் நம் ஊரில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இங்கே கூட்டம் கூடியது. வெட்ட வேண்டுமா வேண்டாமா என்று உறுதி செய்துகொள்ள வந்தார்களாம். மச்சம், மரு, தேமல், பித்தவெடிப்பு. அத்தை போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு எல்லோருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தாள். இந்த நாட்டில் வைத்தியம் செய்ய எனக்கு உரிமம் கிடையாது, செய்யத் தெரியவும் தெரியாது, ஆகவே நாற்பது பேருக்கும் ஒரே பதில்தான்: "அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்க." நாற்பதாமவருக்குப் பின்னால் எதிர்வீட்டுச் சீனத் தாத்தா தன் நாயைக் கொண்டுவந்தார். அதற்கு முதுகில் முடி கொட்டியிருந்தது. அந்த ஒரு கேஸில்தான் எனக்குத் தயக்கமே இல்லை. நாயை நாய் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். தாத்தா பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் குளுவாங்குக்குப் பயணம். கல்யாணம் அத்தையின் சொந்த ஊரில், சபை மண்டபத்தில் விருந்து. மாமாவின் பழைய வேனில் முன்னால் மாமாவும் அத்தையும். பின்னால் மூன்று மூட்டைச் சின்ன வெங்காயம், நான், ஜெசிந்தா அக்கா. ஜெசிந்தா அக்கா அத்தையின் அக்காள் மகள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. மிச்ச நேரத்தில் ஜொகூரில் பாதி சபைகளுக்கு வரன் பார்த்துக் கொடுப்பவள். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் படிவம்தான் வைத்திருக்கிறாளாம்.

செம்பனை என்னும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு திருப்பத்தில் வேனின் பக்கக் கதவு தானாகத் திறந்து, ஒரு மூட்டை வெங்காயம் சாலையில் கொட்டியது. நான்கு பேரும் இறங்கி வெங்காயம் பொறுக்கினோம். ஒரு எண்ணெய் லாரிக்காரர் இறங்கி வந்து அவரும் பொறுக்கினார். கதவு மறுபடி பூட்ட மறுத்தது. மாமா என் துப்பட்டாவை வாங்கி அதைக் கட்டினார். துப்பட்டா கிழிந்தது. கடைசியில், "நீ சும்மாதானே மா இருக்க, புடிச்சுக்க" என்றார். மிச்ச வழி முழுக்க வேன் கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் செல்பேசியை வைத்து, என் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"யாரு அது, விடாம பாத்துக்கிட்டே வர்றீங்க?" என்றாள் ஜெசிந்தா அக்கா.

சொன்னேன். மூன்று ஆஸ்பத்திரி, இரண்டு பக்க வரிசை, கம்ப்யூட்டர் முடிச்சு, எல்லாவற்றையும். பாளையங்கோட்டையில் இதைப் புரியவைக்க ஆறு மாதம் முயன்று தோற்றிருக்கிறேன். ஜெசிந்தா அக்காவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஓ, மாப்ள பாக்குறதுதானே லா! மூணு வரன். அதுக்கு ஏன் மூஞ்ச இப்படி வச்சிருக்கீங்க?"

குளுவாங் ரயில் நிலையத்தை ஒட்டிய காப்பிக்கடையில் இறங்கினோம். கெட்டிப்பால் ஊற்றிய கறுப்புக் காப்பி. கரியில் வாட்டிய ரொட்டியில் தேங்காய்ப்பால் ஜாமும் வெண்ணெயும். நம் ஊர் பில்டர் காப்பி நாவில் பேசும் என்றால் இது நெற்றிப்பொட்டில் பேசுகிறது. பக்கத்து மேசையில் இரண்டு மலாய்ப் பெரியவர்கள் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஜெசிந்தா அக்கா மொழிபெயர்த்தாள்: "அந்தப் பொண்ணு ஏன் ஒரு கைய தூக்கிக்கிட்டே காப்பி குடிக்குதுன்னு கேக்கறாங்க." பார்த்தேன். வலது கை இன்னும் வேன் கதவைப் பிடித்த நிலையிலேயே நின்றுபோயிருந்தது.

நான்காம் நாள். மறுநாள் கல்யாணத்துக்கு அறுநூறு பேருக்குப் பிரியாணி. கூலிக்கு ஆள் வைப்பதில்லை. கோத்தோங் ரோயோங் என்று ஊரே கூடி வேலை செய்யும் வழக்கம். காலை ஏழு மணிக்கே சபை மண்டபத்தில் முப்பது பெண்கள் பாய் விரித்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். என் கையிலும் ஒரு கத்தி. என் முன்னே ஒரு மலை. செல்பேசி மடியில். இன்னும் மூன்று மணி நேரம்.

எட்டரை மணிவாக்கில் ஜெசிந்தா அக்கா கையைத் துடைத்துவிட்டுத் தன் செல்பேசியில் வரன் படிவத்தைத் திறந்தாள். "வாங்க, ஒவ்வொண்ணா போடுவோம். உயரம்?"

"ஆஸ்பத்திரிக்கா?"

"படிவத்துல இருக்கு லா. காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது."

பெரியதுக்குப் பதினெட்டு மாடி, கடற்கரைக்கு ஒன்பது, பனிக்கு நான்கு என்று போட்டோம். நிறம் கேட்டது: கண்ணாடி, வெள்ளை, செங்கல். சொந்த வீடா என்று கேட்டது. குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டது. மூன்றும் என்னிடம் காலையில் பேசியதால் தெரியவில்லை என்று எழுதினோம். சுற்றியிருந்த முப்பது பெண்களும் வெங்காயத்தை விட்டுவிட்டு இதற்குக் காது கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"அடுத்தது முக்கியம். வீட்டுல கல்யாணம் ஆகாத தங்கச்சிங்க எத்தன?"

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கடற்கரை ஆஸ்பத்திரி நேர்காணலில் அங்கே படிக்கும் நான்கு ரெசிடென்ட்கள் பேசினார்கள். நான்கு பேரும் சொன்னது ஒரே வாக்கியம்: தோலுக்காகத்தான் இங்கே வந்தோம். அவர்களுக்குப் பின்னால் சேரப்போகிறவர்களும் அதையேதான் சொல்வார்கள். இடம் வருடத்துக்கு ஒன்று. அதைச் சொன்னேன்.

"அலமாக், அய்யய்யோ! வீடு நெறைய நாத்தனாரு" என்றாள் ஒரு அம்மா. "அந்த வீட்டுக்குப் போனா ஒன் முறை எப்ப மா வரும்?"

"பனி ஊரு?"

யோசித்தேன். அங்கே பேசிய மூன்று பேரில் ஒருத்திக்கு ரத்தத்தில் ஆசை, ஒருவனுக்கு ஈரலில். மூன்றாமவனுக்குப் படிப்பை முடித்துவிட்டு வீட்டுப் பக்கம் போனால் போதும். தோல் இடத்துக்கு உள்ளே ஆள் இல்லாமல் வெளியிலிருந்துதான் எடுக்கிறோம் என்று அந்தத் துறைத் தலைவி சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று நான் அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை.

"அடுத்தது. பாக்க வந்தப்ப எவ்ளோ நேரம் பேசுனாங்க?"

"பெரியது பன்னிரண்டு நிமிஷம். கடற்கரை கால் மணி. பனி..." சொல்ல வெட்கமாக இருந்தது. "ஒரு மணி பத்து நிமிஷம்."

மண்டபமே நிமிர்ந்து பார்த்தது.

நடந்தது இதுதான். அந்தத் தலைவி, ஏன் எங்கள் ஆஸ்பத்திரி, உங்கள் பலவீனம் என்ன என்ற வழக்கமான கேள்விகளை மறந்தேபோனார். திரையில் ஒரு தோல் சில்லைக் காட்டி, என்ன தெரிகிறது என்றார். சொன்னேன். தப்பு என்றார். அடுத்த சில்லு. இப்படி ஏழு. இரண்டுதான் சரி. மாணவியாக இருந்த நாளில்கூட அவ்வளவு அவமானப்பட்டதில்லை. செல்பேசியை வைத்துவிட்டு அழுதேன். அதனால்தான் அந்த ஆஸ்பத்திரியைக் கடைசியில் போட்டேன். அவர்கள் என்னைத் தள்ளுவதற்கு முன் நான் அவர்களைத் தள்ளிய கணக்கு.

"ஒங்கள புடிக்கலன்னு அவங்க சொன்னாங்களா?" என்றாள் ஜெசிந்தா அக்கா.

"இல்ல."

"அப்ப யாரு சொன்னா?"

"நானேதான்."

"சரி லா. ஒங்களுக்குப் புடிச்சிதா?"

வெங்காயத்தைக் கீழே வைத்தேன். பெரிய ஆஸ்பத்திரியின் பன்னிரண்டு நிமிஷத்திலிருந்து ஒரு முகம்கூட என் நினைவில் இல்லை. அந்த ஏழு சில்லுகளும் கண்ணுக்குள் நின்றன: மூன்றாவதில் இளஞ்சிவப்பு வலை, ஐந்தாவதில் மேலேறிப் போயிருந்த கறுப்புச் செல்கள். எங்கே தவறினேன் என்பதும் தெரிந்தது. ஒரு மணி பத்து நிமிஷமும் நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். அழுகையில் அது எனக்கே தெரியாமல் போய்விட்டது. அடக்க முடியாத ஆசையாக இருந்தது, மறுபடி அந்தத் திரைக்கு முன்னால் உட்கார.

மணி ஒன்பது நாற்பத்தாறு.

"மாத்தணும்" என்று செல்பேசியை எடுத்தேன். அதற்குள் மாமா கதவோரம் நின்று, "என்னா மா அவசரம், பத்து மணின்னா பதினொன்றரைதானே" என்றார். இந்த மண்டபத்தில் எந்த விருந்தும் அச்சடித்த நேரத்துக்குத் தொடங்கியதில்லையாம்.

"கம்ப்யூட்டருக்கு அத யாரும் சொல்லல லா, சித்தப்பா!" என்று ஜெசிந்தா அக்கா அதட்டினாள்.

அதற்குள் அந்த இணையப் பக்கம் என்னை வெளியே தள்ளியிருந்தது. மறுபடி உள்ளே போக ஆறு இலக்க எண் ஒன்றை என் இந்திய எண்ணுக்கு அனுப்பியிருக்கிறதாம். என் இந்திய சிம் பாளையங்கோட்டையில், அம்மாவின் பழைய செல்பேசியில் இருந்தது. வீட்டு கேஸ் இணைப்பு என் எண்ணில் பதிந்திருக்கிறது. சிலிண்டர் கொண்டுவருகிறவன் எண் கேட்பான் என்று கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அம்மாவை அழைத்தேன். கையெல்லாம் வெங்காயம், காதில் வைக்க முடியாமல் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அம்மா, என் நம்பருக்கு ஒரு கோடு வந்திருக்கும். வாசி."

"இரு, கண்ணாடிய எடுக்கேன்... ஆங். ஏழு, ஒண்ணு, அஞ்சு, எட்டு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் இருக்கு."

போட்டேன். தவறு என்றது. அவள் வாசித்தது சிலிண்டர் எண்.

"அது கேஸ்மா! அதுக்கு மேல பாரு!"

"மேலயா? ஆமா, இன்னொண்ணு கெடக்கு. நாலு. ஒம்பது. ஒம்பது. ரெண்டு. ஆறு..." நின்றுவிட்டாள். குக்கர் ஒரு விசில் அடித்தது. "ஏட்டி, லிஸ்ட்ட அன்னைக்கே அனுப்பிட்டேன்னுல்லா சொன்ன? இப்ப எதுக்குக் கோடு?"

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. முப்பது கத்திகளும் நின்றன.

பொய் சொல்ல ஐந்து நிமிஷம் போதுமானதுதான். எனக்கு வாய் வரவில்லை. "அனுப்பலம்மா. பொய் சொன்னேன். இப்ப மாத்தப் போறேன். பெரிய ஆஸ்பத்திரி கடைசி. பனி ஊருதான் மொதல்."

"எந்தப் பனி ஊரு? நீ அழுதியே, அதா?"

"அதான்."

"தெருவுல எல்லார்ட்டயும் சொல்லியாச்சேட்டி."

"தெரியும்மா."

மணியைப் பார்த்தேன்: ஒன்பது ஐம்பத்தாறு. என் பக்கத்தில் ஒரு அம்மா உதட்டசைவில் ஜெபமே செய்ய ஆரம்பித்திருந்தாள்.

"அழுது முடிச்சிட்டு," என்றாள் அம்மா மெதுவாக, "சோறு திங்கும்போது பூரா அந்தப் படத்தப் பத்தியேதான் பேசிட்டு இருந்த. எனக்கு ஒண்ணும் வெளங்கல. கையில சோறு காஞ்சது கூடத் தெரியாம பேசின. மத்த ரெண்டப் பத்தி நீ வாயே தொறக்கல." குக்கர் இரண்டாம் விசில் அடித்தது. "கடைசி நம்பரு மூணு. போடு சீக்கிரம்."

போட்டேன். ஈர விரலைத் திரை ஏற்கவில்லை. ஜெசிந்தா அக்கா தன் உடையின் நுனியால் திரையையும் என் விரலையும் சேர்த்துத் துடைத்தாள். உள்ளே போனேன். மூன்றை ஒன்றாக்கினேன், ஒன்றை மூன்றாக்கினேன், பூட்டினேன். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. மண்டபத்தில் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். மாமாவும் கதவோரம் நின்று எதற்கென்று தெரியாமல் தட்டினார்.

அந்தச் சத்தத்தில் அம்மாவை மறந்துவிட்டேன். அவள் இன்னும் இணைப்பில்தான் இருந்தாள்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்மா."

"சரி. அந்த ஊரு பேர இன்னொரு தடவ சொல்லு. மெதுவாச் சொல்லு, எழுதிக்கிடுதேன். யாரும் கேட்டா நான் தப்பாச் சொல்லிரக் கூடாது."